நியூயார்க்கா, கொல்கத்தாவா: என் சித்தி மகள் திரைப்படக் கல்லூரி தேர்ந்தெடுத்த கதை, முழுசாக

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச்சில் எனக்கு நாலைந்து போன் வரும். "அண்ணா, டிகிரி முடிச்சுட்டேன், ஃபிலிம் ஸ்கூல் போகலாம்னு இருக்கேன், எது நல்லது?" புனேவா, கொல்கத்தாவா, வெளிநாடா என்று ஒரு வரியில் பதில் எதிர்பார்ப்பார்கள். நானும் ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. 2019-இல் என் சித்தி மகள் இதே கேள்வியோடு வந்து நின்றபோதுதான், கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார வேண்டிய விஷயம் இது என்று எனக்குத் தெரிந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். மற்றபடி பணக்கணக்கு உட்பட எல்லாவற்றையும் எழுது என்றாள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சென்னையில் படத்தொகுப்பாளன். எந்த ஃபிலிம் ஸ்கூலும் படிக்கவில்லை, எடிட் சூட்டில் உதவியாளனாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டவன். எனக்கு எடிட்டிங் பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அவள் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. சென்னையில் விஸ்காம் முடித்தாள், அப்புறம் இரண்டு வருடம் ஒரு சீரியலிலும் ஒரு படத்திலும் உதவி இயக்குநர். மாதம் 15,000 ரூபாய், அதுவும் எல்லா மாதமும் வராது. இயக்குநராக வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுடைய பேச்சு. சித்தப்பா கூட்டுறவு வங்கியில் வேலை, ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. சொத்து என்றால் ஒரு வீடு, ரெண்டு ஏக்கர் கரிசல்.

அந்த வருடம் மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. இயக்கத்தில் எம்.எஃப்.ஏ. (முதுநிலைப் பட்டம்), மூன்று வருடம், கல்விக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு உதவித்தொகை. வீட்டில் எல்லோரும் அழுதார்கள், சந்தோஷத்தில்தான். அதற்கு முன்பே பிப்ரவரியில் புனே, கொல்கத்தா (சத்யஜித் ரே நிறுவனம்) என்ற இரண்டு அரசுத் திரைப்பட நிறுவனங்களுக்கும் சேர்த்து நடந்த ஜே.இ.டி. நுழைவுத் தேர்வை எழுதியிருந்தாள். புனேயில் இயக்கத்துக்கு, கொல்கத்தாவில் படத்தொகுப்புக்கு. கொல்கத்தாவில் எதற்கு எடிட்டிங் என்றால், விண்ணப்பம் போடும் நேரத்தில் நான் சொன்னேன், அவளும் போட்டு வைத்தாள். அவ்வளவுதான், பெரிய திட்டமெல்லாம் இல்லை.

புனே எழுத்துத் தேர்வோடு நின்றுவிட்டது. கொல்கத்தா அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டது. ஆக, கையில் இருந்தது நியூயார்க்கில் இயக்கம் அல்லது கொல்கத்தாவில் எடிட்டிங் (அதுவும் இன்னும் உறுதியில்லை), ரெண்டும் வேண்டாம் என்றால் சென்னையிலேயே உதவி இயக்குநராகத் தொடர்வது. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு நிறுவனம் நடத்துவது இளநிலைப் படிப்பு, ஒரு டிகிரி முடித்துவிட்டு இன்னொரு டிகிரியை ஆரம்பத்திலிருந்து படிக்க அவளுக்கு மனமில்லை. சென்னைத் தனியார் அகாடமிகளையும் பார்த்தோம். ஆனால் சென்னையில் அவள் ஏற்கெனவே படப்பிடிப்பில்தான் நிற்கிறாள், ஊரை விட்டு வெளியே போய் வேறு மாதிரிப் படங்களுக்குள் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசையே.

முதல் சிக்கல் நாட்காட்டியில் வந்தது. யாரும் இதை முன்கூட்டியே சொல்வதில்லை. நியூயார்க் ஏப்ரல் 15-க்குள் பதில் கேட்டது, கொல்கத்தா நேர்முகமோ அதற்கு அப்புறம். ஒன்றின் முடிவு தெரியாமலே இன்னொன்றுக்கு ஆமாம் சொல்ல வேண்டிய நிலை. அவள் அவகாசம் கேட்டு மின்னஞ்சல் எழுதினாள், தரவில்லை. 500 டாலர் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைத்தோம், அன்றைக்கு 35,000 ரூபாய், திரும்ப வராத பணம். நான் இன்றும் அதைச் சரியான செலவு என்றுதான் சொல்வேன். அந்த 35,000-க்கு இரண்டு மாதம் நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

அடுத்து பணம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் கடைசி வரை போடுவதில்லை, பாதியில் "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு வருடக் கல்விக் கட்டணம் 60,000 டாலர். மூன்று வருடத்துக்கு 1,80,000. உதவித்தொகை போக 1,20,000. நியூயார்க்கில் தங்க, சாப்பிட, காப்பீடு கட்ட வருடத்துக்கு 25,000 டாலர் என்று இழுத்துப் பிடித்துப் போட்டோம், அது 75,000. மொத்தம் 1,95,000 டாலர், அன்றைய 70 ரூபாய் மதிப்பில் 1 கோடியே 36 லட்சம். சித்தப்பா அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தன் சம்பளத்தையும் எழுதி, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். அப்புறம் "கரிசலை வித்துரலாம்பா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதற்கு மேல் ஒன்று இருந்தது, அதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். அமெரிக்க எம்.எஃப்.ஏ. படிப்புகளில் பொதுவாக மாணவர் படங்களின் தயாரிப்புச் செலவை மாணவரே ஏற்க வேண்டும். கேமரா, விளக்கு, எடிட் சூட் பள்ளி தரும். நடிகர்கள், இடம், சாப்பாடு, வண்டி, கலை வேலை எல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்து, அல்லது நன்கொடை திரட்டி. கட்டணத்தைக் கட்டிவிட்டு, படமெடுக்க இன்னொரு தொகை. அவளோடு சேர்க்கை பெற்றிருந்த ஒரு ஹைதராபாத் பெண் மூலமாகப் பழைய மாணவர்களிடம் கேட்டோம். இறுதிப் படத்துக்கு மட்டும் 20,000, 30,000 டாலர் செலவழித்ததாக இரண்டு பேர் சொன்னார்கள்.

புனே, கொல்கத்தா இரண்டிலும் நேர் எதிர். பயிற்சிப் படங்களுக்கும், படிப்பின் கடைசியில் எடுக்கும் டிப்ளமோ படத்துக்கும் நிறுவனமே பட்ஜெட் தருகிறது, கருவிகளையும் இத்தனை ஷிப்ட் என்று கணக்கு வைத்துத் தருகிறது. அதற்குப் பதில் படத்தின் உரிமை நிறுவனத்துக்கு. நீங்கள் எழுதி, எடுத்து, வெட்டிய படத்தை உங்கள் இஷ்டத்துக்கு வெளியிட முடியாது. இந்த உரிமை விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் யு.எஸ்.சி. (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாணவர் படங்களின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்தது. இவளுக்கு இடம் தந்த நியூயார்க் பள்ளி மாணவருக்கே விட்டுவிடுகிறது. பணத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் நியூயார்க்குக்கு அது பெரிய பலம்தான்.

கடன் பக்கம் வருவோம். அப்போது நம் ஊர் வங்கிகளில் கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வீட்டை வைத்து 80 லட்சம், மீதிக்குக் கரிசலும் சித்தியின் நகையும். 80 லட்சத்துக்கு பத்தரை சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்றால் மாதம் 88,000 ரூபாய்க்கு மேல். படிக்கும் மூன்று வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், அதைச் சேர்த்தால் இன்னும் ஏறும். ரூபாயில் சம்பாதித்து இதைக் கட்டவே முடியாது, அதனால் அங்கேயே வேலை பார்த்தாக வேண்டும். மாணவர் விசாவில் படிப்புக்கு அப்புறம் 12 மாதம் வேலை செய்ய அனுமதி உண்டு. பொறியியல், அறிவியல் படித்தவர்களுக்கு இன்னும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும், திரைப்பட இயக்கத்துக்கு வழக்கமாகக் கிடையாது. அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு நிறுவனம் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும், அல்லது அசாதாரணத் திறமைக்கான ஓ-1 விசாவுக்குத் தகுதி காட்ட வேண்டும். புதிதாகப் படிப்பு முடித்த இயக்குநருக்கு எந்த நிறுவனம் நிரந்தர வேலை தரும்? இயக்கம் அப்படிப்பட்ட வேலையே இல்லையே. படமெடுக்கத்தான் அவள் போவதாக இருந்தாள், ஆனால் இந்தக் கடனோடு போனால் முதல் பத்து வருடம் தவணைக்கு ஏற்ற வேலையைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்த இடத்தில் எனக்கு முடிவு கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. அவளுக்கு இல்லை. அவளுக்கு 23 வயசு, நியூயார்க் கடிதம் கையில் இருக்கிறது, நான் என்ன சொன்னாலும் ஆசையைத் தடுக்கிற அண்ணனாகத்தான் தெரிவேன்.

அதனால் வாயை மூடிக்கொண்டு வேறு வேலை செய்தேன். ரெண்டு பேரும் மாணவர் படங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அந்த நியூயார்க் பள்ளிப் படங்கள், புனே, கொல்கத்தா, லண்டன் பக்கத்தில் பீக்கன்ஸ்ஃபீல்டில் இருக்கும் தேசியத் திரைப்படப் பள்ளி, போலந்தின் வூட்ச் நகரத் திரைப்படப் பள்ளி, கிடைத்ததையெல்லாம். பரிசு வாங்கிய படங்களோடு நிறுத்தவில்லை, பரிசு வாங்காத சாதாரணப் படங்களையும் தேடினோம், ஒரு பள்ளியின் உண்மையான தரம் அதில்தான் தெரியும். முக்கியமாகக் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தோம். கேமரா யார், எடிட் யார், ஒலி யார்? நியூயார்க் பள்ளிப் படங்களில் இயக்குநரே எடிட்டர், அல்லது எடிட்டர் வெளியாள். அங்கே எல்லோரும் இயக்கம் படிக்க வந்தவர்கள், ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கேமரா பிடிக்கிறார்கள். அதிலும் நன்மை உண்டு, எல்லா வேலையும் கை பழகும். புனே, கொல்கத்தாப் படங்களில் இயக்கம் ஒருவர், ஒளிப்பதிவு ஒருவர், ஒலி ஒருவர், எடிட் ஒருவர், நாலு பேரும் ஒரே பேட்ச், ஒவ்வொருவரும் தன் துறையில் மூன்று வருடம் ஊறியவர். லாஸ் ஏஞ்சலஸில் ஏ.எஃப்.ஐ. கன்சர்வேட்டரி என்ற திரைப்படப் பள்ளியும் இந்த மாதிரித் துறை துறையாகத்தான் ஆள் எடுக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் இன்னொரு துருவம், முதல் வருடம் எல்லோரும் எழுத வேண்டும், இயக்க வேண்டும், தயாரிக்க வேண்டும். ஃபிலிம் ஸ்கூல் என்று ஒரே பெயரில் சொல்கிறோம், உள்ளே போனால் வெவ்வேறு படிப்புகள்.

அப்புறம் பழைய மாணவர்கள். போன வருடம் முடித்தவர்களிடம் நான் பேசவில்லை, அவர்களுக்கு இன்னும் பள்ளியின் வாசம் போயிருக்காது. ஐந்து வருடம் ஆனவர்களாகத் தேடி ஏழு பேரிடம் பேசினேன், ரெண்டே கேள்வி. கடைசியாகச் செய்த மூன்று வேலை யார் மூலமாக வந்தது? டிப்ளமோ படத்தை எந்த மாதம் முடித்தீர்கள்?

முதல் கேள்விக்கு வந்த பதில்களில் கூடப் படித்தவர்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது, ஆசிரியர் பெயர் ஒரே ஒரு தடவை. இரண்டாவது கேள்விக்கு புனே, கொல்கத்தா ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் தயங்கினார்கள். இந்த அரசு நிறுவனங்களைப் புகழ்கிறவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் இது. மூன்று வருடப் படிப்பு மூன்று வருடத்தில் முடியாது. 2015-இல் புனேயில் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த நேரத்தில் வெடித்த இன்னொரு சண்டை 2008 பேட்ச் மாணவர்களின் முடிக்கப்படாத டிப்ளமோ படங்களைப் பற்றியது. 2008-இல் சேர்ந்தவர்கள், 2015-இலும் படம் முடியவில்லை! காரணம் பல, ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 23 வயதில் உள்ளே போகும் பெண் 28-இல்தான் வெளியே வரலாம் என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். நாங்கள் பேசினோம். சித்திக்குக் கல்யாணக் கவலை, அதையும் மறைக்காமல் பேசினோம், அன்றைக்கு வீட்டில் பெரிய சத்தம்.

ஐரோப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுகிறவளாக இருந்தால் நான் டாக்நோமாட்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கத்தான் சொல்லியிருப்பேன். லிஸ்பன், புடாபெஸ்ட், பிரசெல்ஸ் என்று மூன்று ஊரில் நடக்கும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் வீட்டை அடகு வைக்கும் பேச்சே வராது. அவளுக்குக் கதைப் படம்தான்.

கொல்கத்தா நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி ஹவுரா போய்ச் சேர அப்போது 26, 27 மணி நேரம் ஆனது. வழி முழுக்க அவள் பேசவே இல்லை, நியூயார்க் பள்ளியின் பாடத்திட்டத்தை போனில் படித்துக்கொண்டே வந்தாள். கிழக்குப் பெருநகர பைபாஸ் ஓரத்தில் மரமும் குளமுமாக இருக்கிறது அந்த வளாகம், 1995-இல் தொடங்கிய சத்யஜித் ரே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். வெறும் நேர்முகத்தோடு விடுவதில்லை, சில நாள் அங்கேயே வைத்துப் பயிற்சி மாதிரிக் கொடுத்துக் கவனிக்கிறார்கள்.

ஒரு நாள் குழப்பி வைத்த புகைப்படங்களைக் கொடுத்து, வரிசையாக அடுக்கிக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் எல்லாப் படத்தையும் பயன்படுத்த, இவள் மூன்றைத் தூக்கித் தனியே வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இது இல்லாமலே புரியுது சார், வெச்சா ரெண்டு தடவை சொன்ன மாதிரி ஆயிடுது" என்று சொன்னாளாம். அதன்மேல் அரை மணி நேரம் அவளோடு வாதாடியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வாசலில் டீக்கடையில் என்னிடம் சொன்னாள், "அண்ணா, ரெண்டு வருஷமா செட்ல இருக்கேன், ஒருத்தர்கூட என்கிட்ட ஏன்னு கேட்டதில்ல." எனக்கு அந்த முகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும் ரயிலில் அவளே கேட்டாள், எடிட்டிங் படித்துவிட்டு இயக்குநராக முடியுமா என்று. மட்டக்களப்பிலிருந்து புனேக்குப் போன பாலு மகேந்திரா இயக்கத்தில் இடம் கிடைக்காமல் ஒளிப்பதிவு படித்தவர், 1977-இல் முதல் படத்தை இயக்கினார். ராஜ்குமார் ஹிரானி, சஞ்சய் லீலா பன்சாலி ரெண்டு பேரும் புனேயில் எடிட்டிங் படித்தவர்கள். இதையெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறுத்தியது, வென்றவர்களை மட்டும் அடுக்குகிறேனே என்று. அதனால் அதையும் சொன்னேன். எடிட்டிங் படித்து எடிட்டராகவே இருப்பவர்கள்தான் பெரும்பாலானோர், நானும்தான், நீயும் அப்படி ஆகலாம், அது உனக்குச் சம்மதமா என்று யோசி. விஜயவாடா தாண்டும்போது, சம்மதம் என்றாள். நியூயார்க்குக்கு மறுப்புக் கடிதத்தை அவளேதான் எழுதினாள், வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும், நல்லது மட்டும் சொன்னால் இது விளம்பரமாகிவிடும்.

சேர்ந்த ஒரு வருடத்துக்குள் கொரோனா. வளாகம் மூடியது, ஊருக்கு வந்து உட்கார்ந்தாள், ஆன்லைனில் படத்தொகுப்பு வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மூன்று வருடம் நாலரை ஆனது. முதல் வருடம் மொழி பெரிய கஷ்டம், வங்காளத்தில் வசனம் பேசும் காட்சிகளை வங்காளம் தெரியாமல் வெட்ட வேண்டும். வார்த்தை புரியாததால் மூச்சையும் கண்ணையும் பார்த்து வெட்டப் பழகினேன் என்று பின்னால் சொன்னாள், நான் 14 வருடமாகத் தமிழ்ப் படம் வெட்டியும் அந்தப் பழக்கம் எனக்கு வரவில்லை. இயக்கம் படிக்கும் பையன்கள் எடிட்டரை பட்டன் அமுக்குகிறவள் மாதிரி நடத்திய நாட்களும் இருந்தன, ஒரு தடவை அழுதுகொண்டே போன் பண்ணினாள், "நான் தப்புப் பண்ணிட்டேனா அண்ணா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நேரம் கிடைக்கும்போதெல்லாம் ரவீந்திர சதன் பக்கம் நந்தன் அரங்குக்குப் போய்ப் படம் பார்த்தது அவளைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

நாங்கள் தவறவிட்டவையும் உண்டு. வகுப்பில் எத்தனை பெண்கள், விடுதி எப்படி, புகார்க் குழு உண்மையில் இயங்குகிறதா என்பதை அங்கே படிக்கும் பெண்களிடமே கேட்டிருக்க வேண்டும். நான் பேசிய ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள், அது என் தவறு. முழு உதவித்தொகை வந்திருந்தால் என்ன செய்வோம் என்றும் முன்பே பேசி வைக்கவில்லை. வந்திருந்தால் நான் யோசிக்காமல் நியூயார்க்குக்கு அனுப்பியிருப்பேன், இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த ஹைதராபாத் பெண் நியூயார்க்குக்கே போனாள், அப்பாவுக்கு வசதி இருந்தது, நல்ல படம் ஒன்று எடுத்தாள், அது அவளுடைய சொந்தப் படம், எங்கே வேண்டுமானாலும் அவளால் காட்ட முடிகிறது. இவளுடைய டிப்ளமோ படத்தை எங்கள் ஊரில் திரையிட நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி அனுமதிக்குக் காத்திருந்தோம்.

இப்போது அவள் கொச்சியில் இருக்கிறாள். பேட்ச்சில் ஒளிப்பதிவு படித்த மலையாளிப் பையன் கூப்பிட்டு ஒரு படத்தில் இணை எடிட்டராகச் சேர்ந்தாள், இப்போது இரண்டாவது படம். கரிசல் விற்கவில்லை, சித்தப்பா ஓய்வுக்கு அப்புறம் அதில் உளுந்து போடுகிறார். போன பொங்கலுக்கு பேட்ச் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, ஐந்து நாளில் அவளே எழுதி இயக்கி ஒரு குறும்படம் எடுத்தாள். செலவு 1,80,000 ரூபாய், அவள் சேமிப்பு. கேமராவும் ஒலியும் கூடப் படித்தவர்கள், சம்பளம் வாங்கவில்லை, சித்தி சமையல். போன வாரம் 22 நிமிடக் கட் ஒன்றை எனக்கு அனுப்பினாள். மூன்றாவது காட்சி நீளம், பாதியாக்கு என்றேன். ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "திரும்பப் பார்த்தேன் அண்ணா. அதில் கை வைக்க மாட்டேன்."